கன்னி மூலை ஜன்னல்

அன்னூர்
13.6.1993

அன்புள்ள பிரவீனா கண்ணுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். புனாவில் மழை பிடித்துவிட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள். அவள் சொன்னதை எழுதுகிறேனா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறாள்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே எஸ்.டி.டி. பூத்துக்காரன் நாம் பேசுவதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். சாயங்காலம் சந்தையில் எனக்கே திருப்பிச் சொல்வான். ஆகையால் கடிதம்.

தோட்டத்தில் வீடு கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஊருக்குள் இருக்கும் இந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் பங்காளிகளின் சுவர். வெயில் முற்றத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. உன் அம்மாவின் மூட்டுவலி உனக்குத் தெரியும். போன மார்கழியில் காலையில் டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இளவெயிலில் உட்காரச் சொன்னார் டாக்டர். இவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போனாள். “ஏனுங்க கனகமக்கா, ஆரைப் பாத்துட்டு உக்கோந்திருக்கறீங்க?” என்று போகிறவர்கள் எல்லாம் கேட்கவும் வெட்கப்பட்டு உள்ளே வந்துவிட்டாள்.

நீ கட்டடக்கலை படித்துவிட்டு ஊரான் வீட்டுக்கெல்லாம் பிளான் போடுகிறாய். உன் அம்மாவுக்கு ஒன்று போட்டுக் கொடு. மார்கழியில் வெயில் வேண்டும், சித்திரையில் வெயில் கூடாது என்கிறாள். சூரியனை இவள் பண்ணையத்து ஆள் என்று நினைத்துவிட்டாள் போல. முடியுமா என்று பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
தம்பிதுரை


புனே
2.7.1993

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்தே மூன்று தரம் படித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி ‘யார், மாப்பிள்ளையா?’ என்று கேட்டாள். எங்கள் அப்பா வீடு கட்டப்போகிறார் என்றேன்.

அம்மா கேட்டது இரண்டும் முடியும் என்று சொல்லுங்கள். நம் ஊரில் சூரியன் வருடம் முழுக்க ஒரே தடத்தில் போவதில்லை. மார்கழியில் தெற்கே சரிந்து போகிறது. சித்திரையில் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. ஆனி, ஆடியில் சற்று வடக்கே ஒதுங்குகிறது. வீட்டின் நீளமான பக்கத்தைத் தெற்கே பார்த்து வைத்து, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடை அளவாக இழுத்துவிட்டால், சாய்ந்து வரும் மார்கழி வெயில் அதன் அடியில் நுழைந்து வரும், மேலே நிற்கும் சித்திரை வெயில் வெளியிலேயே நின்றுவிடும்.

காற்று இன்னும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் தோட்டத்துக்குத் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. வேறு ஊர்க்காரர்கள் இப்படி ஒரு காற்றுக்கு ஏங்குவார்கள். நாம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அம்மாவுக்கு ஒரு வேலை. களத்தில் உலக்கையை நேராக நட்டு வைத்து, மாதம் ஒரு நாள் நடுப்பகலில் நிழலின் நுனியில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கணக்குப் போட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. குளிக்கப் போகும்போது பார்த்துப் போகச் சொல்லுங்கள், வழுக்கப் போகிறது.

உங்கள்
பிரவீனா


அன்னூர்
20.1.1994

அன்புள்ள அம்மணிக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீ வராததால் உன் அம்மா உன் பங்குக்கும் சேர்த்து என்னோடு சண்டை போட்டாள்.

உலக்கை விவகாரம் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. கிரகணத்துக்குத்தான் உலக்கையை நிறுத்துவார்கள். இவள் மாதாமாதம் நிறுத்துகிறாளே என்று பருத்தி எடுக்க வந்த பெண்கள் பயந்துபோனார்கள். ஒருத்தி சோற்றைக்கூடச் சாப்பிடாமல் வைத்திருந்தாள். ஆடியில் நிழல் தெற்கே விழுந்தது. மார்கழியில் வடக்கே நீண்டு படுத்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டாய், உன் அம்மா அந்த நிழலை அடி முதல் நுனி வரை காலால் அளந்து பார்த்தாள். “இத்தனை வருசமா இந்தக் களத்துலயே கெடக்கறேன், இதைப் பாக்கவே இல்லீங்களே” என்றாள்.

உன் பிளானை மேஸ்திரி அக்பர் அலியிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் கடைக்கால் பறிக்கிறோம். கோபியிலிருந்து உன் அத்தை சென்னியம்மாள் வந்திருந்தாள். தென்மேற்கு மூலையில் அம்மாவின் அறை என்றதும் தலையாட்டினாள். அந்த மூலையிலேயே ஆள் உயரத்துக்கு ஜன்னல் என்றதும் ஆட்டிய தலை நின்றுவிட்டது. “கன்னி மூலையைத் தொறந்து போட்டா ஊட்ல ஆளு தங்காது தம்பி. அங்க கனமாத்தான் இருக்கோணும். வாசலும் தெக்கயா? காங்கேயத்துல ஒருத்தர் வாஸ்து பாக்கறாரு, கூட்டிட்டு வாரேன்” என்றாள். “காத்து வார பக்கம் ஜன்னல் வெக்காம வேற எங்கீங்கக்கா வெக்கறது? என்ற புள்ள அஞ்சு வருசம் படிச்சிருக்குது, அது போதும்” என்று அனுப்பிவிட்டேன். பலகாரம் கொடுத்துத்தான் அனுப்பினேன், பயப்படாதே.

அப்பா


அன்னூர்
6.1.1995

அன்புள்ள பிரவீனா கண்ணுவுக்கு,

நலம். புது வீட்டில் இது எங்களுக்கு முதல் மார்கழி. நீ சொன்னபடியே நடக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டுக் காபி குடிக்கும் நேரத்துக்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, உன் அம்மாவின் கட்டில் வரைக்கும் நடந்துபோய், மத்தியானம் வரை அங்கேயே கிடக்கிறது. அவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறாள். விரல் மடங்குகிறது. நேற்று எனக்கு முறுக்குச் சுற்றிக் காட்டினாள்.

ஆனியில் ஃபேன் போடவில்லை என்று அப்போதே எழுதினேன் அல்லவா, ஈ.பி.காரர் சென்ற முறை வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தார். “கவுண்டரே, ஊட்ல ஆளு இருக்கறீங்களா இல்லீங்களா?” என்று கேட்டார். இருக்கிறோம், என் மகள் போட்ட வீடு என்று சொல்லி, உள்ளே கூட்டிப்போய்க் காற்றைக் காட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறேன் என்று உன் அம்மா சலித்துக்கொள்கிறாள். ஆனால் நான் ஏதாவது விட்டுவிட்டால் அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

அடியில் அவள் எழுதுகிறாள்.

அப்பா

கண்ணு, நல்லா இருக்கறேன். நீ குடுத்த வெயில்ல உக்கோந்துட்டுத்தான் இதை எழுதறேன். கையெழுத்தைப் பாரு, கோணாம வருது. சீக்கிரம் வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போ. அம்மா.


புனே
12.10.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் எதிரே இருந்த அம்மாள் ஒருத்தி ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. வழி முழுக்க ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

காரியம் முடிந்து கிளம்பும்வரை உங்களோடு தனியாகப் பேசவே முடியவில்லை, வீடு நிறைய ஆட்கள். நீங்களும் பேச விடவில்லை. அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. காபி டம்ளர் கையில் இருக்கும்போதே ஜன்னலோரம் சாய்ந்துவிட்டாள் என்று அத்தைதான் சொன்னாள். முன்பே நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மூட்டுவலியை மட்டும் ஊர் அறியச் சொன்னாள்.

அப்பா, ஒன்று கேட்கிறேன். அந்த அறையைப் பூட்டி வைக்காதீர்கள். நீங்கள் அங்கேயே படுங்கள். வீட்டிலேயே நல்ல அறை அதுதான். அம்மா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பிரவீனா


அன்னூர்
20.3.1996

அன்புள்ள பிரவீனாவுக்கு,

நலம். உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பதில் எழுதச் சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. சமையலுக்குச் சின்னாத்தாள் வருகிறாள். உப்புப் போடுவதில் கை தாராளம்.

பல்லடத்து வரன் தட்டிப்போயிற்று. ஜாதகம் சரியில்லை என்கிறார்கள். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

இந்த வருடம் வெயில் இப்போதே கொளுத்துகிறது. ஃபேன் இரண்டு வாங்கி மாட்டினேன். கூடத்துக்கு ஒரு ட்யூப் லைட்டும் போட்டேன், பேப்பர் படிக்க. பருத்தி சுமார்.

அப்பா


புனே
4.4.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபேன் எதற்கு? கூடத்தில் பகலில் லைட் எதற்கு? அந்தக் கூடத்தில் சாயங்காலம் வரை ஊசியில் நூல் கோக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறீர்களா? உடம்பு ஏதாவது சரியில்லையா?

உடனே பதில் எழுதுங்கள்.

பிரவீனா


புனே
29.9.1996

அப்பாவுக்கு,

திதிக்கு வந்துவிட்டு உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். சொல்லிக்கொள்ள நின்றிருந்தால் எல்லார் முன்னாலும் கத்தியிருப்பேன். இப்போதும் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏப்ரலில் நான் கேட்டதற்கு நீங்கள் ஏன் பதில் எழுதவில்லை என்பது வாசலில் இறங்கியதுமே தெரிந்தது. தெற்கு வாசலில் சுவர். வடக்கே உடைத்து ஒரு புது வாசல். அம்மாவின் அறைக்குப் போனேன். ஜன்னல் இருந்த இடத்தைத் தேடினேன் அப்பா. நானே போட்ட வீட்டில் சுவரைத் தடவித் தேடினேன். பூசி, சுண்ணாம்பு அடித்து, மேலே முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறீர்கள். மத்தியான நேரத்தில் ஸ்விட்சைப் போட்டுத்தான் அம்மாவின் கட்டிலைப் பார்த்தேன். உள்ளே அடுப்படி மாதிரிப் புழுங்குகிறது. ஃபேன் சுற்றியும் போதாமல் நீங்கள் அங்கே வேட்டியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதையாவது பொறுத்திருப்பேன். அத்தை என்னை ஓரமாகக் கூட்டிப்போய் என்ன சொன்னாள் தெரியுமா? “நீ போட்ட பிளான்படி கட்டியிருந்தா கனகம் இன்னைக்கு இருந்திருப்பா அம்மணி. நீ வடக்கப் பாத்துத்தான் போட்டியாமா. உங்கப்பன் வீம்புக்குத் திருப்பிக் கட்டிப்போட்டு, எங்ககிட்டயெல்லாம் உன்ற பேரைச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கறான். இப்ப அவனே சொல்லிச் சொல்லி அழுகறான்” என்றாள். பெரியப்பா வீட்டில் கேட்டேன், அங்கேயும் அதே கதை. ஊர் முழுக்க இப்படிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

நான் இதுவரை செய்த வேலையில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு வீடுதான். அம்மா நிழலுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்துப் போட்ட வீடு. அதை நான் போடவில்லை என்கிறீர்கள். சரி, அதுகூடப் போகட்டும். அந்த வீடுதான் அம்மாவைக் கொன்றது என்று ஊரோடு சேர்ந்து ஒப்புக்கொண்டுவிட்டீர்களே. அவளுக்கு அதில் ஒரே ஒரு மார்கழிதான் கிடைத்தது. அதிலும் அவள் கையெழுத்து கோணாமல் வந்தது. அதையும் நீங்கள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

எனக்குப் பதில் வேண்டும். அந்த ஜன்னல்தான் அம்மாவைக் கொன்றது என்று நம்புகிறீர்களா, இல்லையா? உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுதாவிட்டால் நான் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன்.

பிரவீனா


அன்னூர்
17.10.1996

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் வந்து சில நாள் ஆயிற்று. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சின்னாத்தாள்கூட “ஏனுங்க, ஆரோடயாவது வழக்குங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

நீ கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை, கண்ணு. ஆட்கள் கூட இருக்கும்போது நான் அதை நம்புவதில்லை. அவள் இருதயம் நின்றுபோயிற்று, ஜன்னல் என்ன செய்யும் என்றுதான் தோன்றும். தனியாக அந்த அறைக்குள் போகும்போது தெரியவில்லை. இல்லை என்று எழுதினால் உன்னிடம் பொய் சொன்னதாகும். ஊரிடம் சொன்ன பொய்யே போதும்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் அம்மாவின் காரியத்துக்கு வந்த கூட்டத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. “பெத்தவளுக்கே குழி தோண்டற மாதிரி பிளான் போட்டுக் குடுத்திருக்குது புள்ள” என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் சொன்னான். இலையில் பரிமாறிக்கொண்டே நான் கேட்டேன். பல்லடத்து வரன் ஜாதகத்தால் தட்டிப்போகவில்லை. அவர்கள் கேட்டு அனுப்பியது, அந்த வீட்டுக்குப் பிளான் போட்டது இந்தப் பெண்தானா என்று. அடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். நான் எத்தனை பேரிடம் கணவாய்க் காற்றையும் சன்ஷேடையும் விளக்குவது? உன் பெயரை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. நான் திருப்பிக் கட்டினேன் என்றேன். உடனே எல்லாரும் நம்பினார்கள். நான் வீம்பு பிடித்தவன் என்பது ஊரறிந்த சங்கதிதானே. அப்படிச் சொன்ன பிறகு திருத்திக் கட்டாமல் இருந்தால் யார் நம்புவார்கள்? காங்கேயத்துக்காரரைக் கூட்டிவந்தேன். அடைக்கச் சொன்னதை அடைத்தேன்.

அக்பர் அலி அன்று வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, “நானே வெச்ச ஜன்னலுங்க, என்னை விட்டுருங்க” என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். வேறு ஆள் வைத்துத்தான் அடைத்தேன்.

இப்போது திறந்துவிடலாமே என்று நீ சொல்வாய். முடியாது, அம்மணி. ஜூலையில் கோயமுத்தூருக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். எனக்கும் இருதயம் பலவீனமாக இருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். பயப்படும்படி இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் நானும் இந்த வீட்டில்தான் போவேன். அன்றைக்கு அந்த ஜன்னல் திறந்திருந்தால், தாயை எடுத்தது, அப்பனையும் எடுத்தது என்று பேசுவார்கள். அப்புறம் நான் சொன்ன கதை எதுவும் நிற்காது, உன்னைத்தான் சொல்வார்கள். நீ எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேச்சு கூடவே வரும். அடைத்த வீட்டில் போனால், வயசாச்சு, போய்ச் சேர்ந்தான் என்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்கு அது போதும். புழுக்கம் பழகிவிட்டது.

நீ போட்டது நல்ல வீடு. உன் அம்மா அதில் சந்தோஷமாக இருந்தாள். இதை உனக்கு மட்டும்தான் எழுத முடிகிறது. வெளியே சொல்ல முடியாததற்கு என்னை மன்னித்துக்கொள்.

தீபாவளிக்கு நீ வராவிட்டாலும் நான் வருத்தப்படமாட்டேன். வந்தால் நல்லது.

அப்பா


புனே
3.11.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சின்னாத்தாளிடம் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மேல் இன்னும் கோபம்தான் வந்தது. எனக்கு வரன் வேண்டாம், பேர் வேண்டாம், ஜன்னலைத் திறங்கள் என்று நான்கு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும், இதைப் படித்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கே தெரிந்தது. மடித்து வைத்துவிட்டு, படிக்காதது போல அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் அதைக் கிழித்துவிட்டேன்.

இதோடு ஒரு பிளான் வைத்திருக்கிறேன். தெற்கே அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும். கட்டிலை வடக்கு அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வடகிழக்கு மூலையில் அகலமாக ஒரு ஜன்னல் போட்டிருக்கிறேன். ஈசானிய மூலையைத் திறக்கக் கூடாது என்று எந்த வாஸ்துக்காரரும் சொல்லமாட்டார். வடக்குப் பக்கம் பெரும்பாலும் வெயில் நேராக வராது, வெளிச்சம் மட்டும் சீராக வரும். ஆனி, ஆடிக்கு மட்டும் சின்னதாக ஒரு சன்ஷேடு போதும். வடமேற்கில் உயரமாக இன்னொன்று. அது வாயு மூலை, அவர்கள் கணக்கிலும் காற்றுக்கு உரிய இடம். அதை ஒட்டி வெளியே ஒரு குட்டைச் சுவரை நீட்டினால், மேற்கே இருந்து வந்து வீட்டைத் தாண்டி ஓடும் காற்றை அது மறித்து உள்ளே திருப்பும். கூரைக்குக் கீழே வரிசையாகத் துளைகள் விட்டால் சூடு அதன் வழியாகப் போய்விடும். அம்மாவின் அறை மாதிரி இருக்காது. பாதியாவது இருக்கும்.

இதை நான் போட்டேன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். அளவுகளை ஆபீஸ் ஸ்டென்சிலில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து எங்கேயும் இல்லை. பெயர் போடும் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். காங்கேயத்துக்காரர் சொல்லி அனுப்பினார் என்று சொல்லுங்கள். நாளைக்கு என்ன நடந்தாலும் என்னை யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதானே உங்களுக்கு வேண்டும்?

அத்தை கேட்டால், அம்மாவின் வீட்டை நான் வடக்குப் பார்த்துத்தான் போட்டேன், அப்பாதான் திருப்பிக் கட்டிவிட்டார் என்று இனி நானும் சொல்வேன். இங்கே அறையில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். வாய் விட்டுச் சொல்ல வந்தது. சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதேன்.

தீபாவளிக்கு வருகிறேன்.

உங்கள்
பிரவீனா